படிக்கிற புள்ளைக்குப் பாதிப் பொட்டி எதுக்கு?

மார்ச் முடிஞ்சா ஆடிட், ஆடிட் முடிஞ்சா டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்டுன்னு ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரல. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். போன ஞாயித்துக்கிழமை ஒரு பேச்சு நடந்துச்சு. அதைக் கொட்டலேன்னா தூக்கம் வராது போல இருக்கு.

இங்க நாக்பூர்ல அஜ்னி ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஒரு மதுரைக்காரத் தம்பி குடும்பம். மூத்த பொண்ணுக்கு கோயம்புத்தூர்ல பி.காம் சீட்டு கிடைச்சிருக்கு. கேரளா எக்ஸ்பிரஸ்ல டிக்கெட்டும் போட்டாச்சு. காபி குடிச்சுக்கிட்டே கேட்டார்.

"அண்ணே, 17 ஆயிரத்துல சின்னதா ஒரு லேப்டாப் பாத்து வச்சிருக்கேன். 11 இன்ச்சு, ஒரு கிலோதான். பொம்பளப் புள்ள தூக்கிட்டுப் போக வசதி. டைப் அடிக்க, நெட் பாக்கத்தானே. போதும்ல?"

"போதாது"ன்னு சொன்னேன். சொன்ன வேகத்துல அவர் கப்பைக் கீழ வச்சுட்டார். தங்கமணி உள்ளேயிருந்து எட்டிப் பாத்தாங்க. நான் சாதாரணமா அப்படி வெடுக்குன்னு பேசுற ஆள் இல்ல.

ஏன் அப்படிச் சொன்னேன்னா, அதே தப்பை நாலு வருஷம் முன்னாடி நான் பண்ணிட்டேன். கடன் கேட்டு வர்றவங்களோட பேலன்ஸ் ஷீட்டை மூணு தடவை புரட்டிப் பாக்குற மனுஷன், சொந்த வீட்டுக் கணக்குல கோட்டை விட்டேன். சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுச் சட்டியில இருந்துச்சு. நான் அகப்பையைச் சரியாப் பிடிக்கல.

கொஞ்சம் கொசுவத்தி

2021 ஆகஸ்ட். எம்பொண்ணு சென்னையில பி.காம் சேர்ந்தா. கொரோனா காரணமா முதல்ல ஆன்லைன் வகுப்பு. "அப்பா, 8 ஜிபி ரேம் இருக்கிற மாதிரி பாருங்க, டேலி, எக்செல் எல்லாம் இருக்கும்னு சீனியர் அக்கா சொன்னாங்க"ன்னா. நான் என்ன கேட்டேன் தெரியுமா? "பி.காமுக்கு எதுக்கும்மா அவ்வளவு? நான் படிச்சப்போ கால்குலேட்டர் கூட உள்ள விட மாட்டாங்க." பெரிய ஜோக் அடிச்ச மாதிரி நானே சிரிச்சுக்கிட்டேன்.

கடைக்காரர் எடுத்துக் காட்டினது ஒரு குட்டிப் பொட்டி. 11.6 இன்ச் திரை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி, ரெண்டு கோர் செலரான். விலை 19,990. "சாப், பச்சோங்கே லியே பஹுத் ஹை"ன்னார். கம்பெனி பேர் வேண்டாம். எல்லா கம்பெனியும் அந்த மாதிரி ஒண்ணு வச்சிருக்கு. பாக்க அழகா, புத்தகம் மாதிரி இருந்துச்சு. வாங்கிட்டேன்.

முதல் ஆறு மாசம் பிரச்சினை இல்ல. அப்புறம் விண்டோஸ் அப்டேட் வர ஆரம்பிச்சுது. இடம் இல்லைன்னு சொல்லும். அவ போட்டோவை அழிப்பா, அப்டேட் ஏறும், மறுபடி இடம் இல்லைன்னு சொல்லும். மெமரி கார்டு, யுஎஸ்பி ஹப்னு 2,100 ரூபாய். ரெண்டு தடவை சர்வீஸ், 1,700 ரூபாய். 2023 நவம்பர்ல, கடைசி வருஷ ப்ராஜெக்ட் நடுவுல, பொட்டி மொத்தமா படுத்துருச்சு. ஸ்டோரேஜ் போயிருச்சு, அது மதர்போர்டோட ஒட்டினது, போர்டையே மாத்தணும்னாங்க. போர்டு விலைக்குப் புதுசே வாங்கலாம்.

அதுவரைக்கும் கூட எனக்கு ஒண்ணும் உறைக்கல. "சரி, சீப்பா வாங்கினது, போயிருச்சு"ன்னு விட்டேன். உறைச்சது 2024-ல. பையன் இஞ்சினியரிங் சேர்ந்தான். அவன் கேக்குறதுக்கு முன்னாடியே 62,000 ரூபாய்க்கு 16 ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு, 2 கிலோவுக்கு மேல எடை உள்ள பொட்டியை வாங்கிட்டேன். லீவுக்கு வந்த பொண்ணு அதைத் திறந்து பாத்துட்டு, கோவமே இல்லாம சொன்னா:

"நல்லா இருக்குப்பா. அவனுக்கு என்ன வேணும்னு கேக்காமலே வாங்கிட்டீங்க. எனக்கு என்ன வேணும்னு நான் சொன்னதுக்கு அப்புறமும் எதுக்குன்னு கேட்டீங்க."

அன்னிக்கு ராத்திரிதான் மத்ததும் தெரிஞ்சுது. மூணு வருஷமா எக்செல் அசைன்மென்ட் எல்லாத்தையும் ஹாஸ்டல்ல பக்கத்து ரூம் பொண்ணோட லேப்டாப்புலதான் முடிச்சிருக்கா. அந்தப் பொண்ணு தூங்கின பிறகு, ராத்திரி 11 மணிக்கு மேல. போன் பண்ணும்போதெல்லாம் நான் "கம்ப்யூட்டர் நல்லா ஓடுதாம்மா?"ன்னு கேப்பேன். "ஓடுதுப்பா"ன்னுதான் சொல்லுவா. அப்பாவுக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு.

வகுக்கத் தெரியாத வங்கி அதிகாரி

சரி, கணக்குக்கு வருவோம். 19,990-ஐயும் 62,000-ஐயும் கூட்டினா 81,990. ரெண்டால வகுத்தா 40,995. அதாவது அதே காசுல ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு முழு லேப்டாப் வாங்கியிருக்கலாம். ஒருத்திக்குப் பாதிப் பொட்டியும், இன்னொருத்தனுக்குத் தேவைக்கு மேல ஒண்ணரைப் பொட்டியும் வாங்கின பெருமை என்னைச் சேரும். பையனோட கிராஃபிக்ஸ் கார்டு முதல் வருஷம் முழுக்க கேம்ஸுக்குத்தான் உழைச்சுது. அதையும் சொல்லிடணும்.

நம்ம கூட்டத்துல இது என் வீட்டுக் கதை மட்டும் இல்ல. பையனுக்குன்னா "இஞ்சினியரிங் ஆச்சே"ன்னு கடன் வாங்குறோம். பொண்ணுக்குன்னா "டைப் அடிக்கத்தானே"ன்னு சொல்றோம். அதே பொண்ணு கல்யாணத்துக்குன்னு மாசா மாசம் நகைச்சீட்டு கட்டுறோம். ஒரு பவுன் தோட்டுக்கு யோசிக்காத நாம, அவ சம்பாதிக்கக் கத்துக்குற கருவிக்குப் பேரம் பேசுறோம். மனசைத் தொட்டுச் சொல்லுங்க, இல்லையா?

மினிமம் பேலன்ஸை வச்சுக் குடும்பம் நடத்த முடியுமா?

"விண்டோஸ் 11-க்கே 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ் போதும்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லுதே"ன்னு விற்பனையாளர் சொல்லுவார். உண்மைதான். ஆனா அது மினிமம். சேமிப்புக் கணக்குல மினிமம் பேலன்ஸ் இருந்தா கணக்கு உயிரோட இருக்கும், அவ்வளவுதான். அதை எடுத்து அரிசி வாங்க முடியாது. கிரெடிட் கார்டுல மினிமம் ட்யூ மட்டும் கட்டுறவன் கதி என்ன ஆகும்னு என் கேபின்ல வந்து உக்காந்தா காட்டுறேன். 4 ஜிபில விண்டோஸ் எழுந்திருக்கும். எழுந்து நின்ன பிறகு மூச்சு வாங்கும். ஒரு பக்கம் வீடியோ வகுப்பு, ஒரு பக்கம் எக்செல், பிரவுசர்ல நாலு பக்கம் திறந்தா போச்சு.

64 ஜிபின்னு அட்டையில போட்டிருக்கும். விண்டோஸ் கணக்குல அது 60 ஜிபி கூட வராது. அதுல விண்டோஸும் ஆபீஸும் அப்டேட்டும் போக மிச்சம் இருக்கிறதுதான் புள்ளைக்கு. ரேமும் ஸ்டோரேஜும் போர்டோட ஒட்டி வச்சிருப்பாங்க. நாளைக்குக் கையில காசு வந்தாலும் கூட்ட முடியாது.

இன்னொரு தந்திரம் பேர்ல இருக்கு. முன்னாடி "செலரான்", "பென்டியம்"னு பேரைப் பாத்தே நாம உஷாராயிடுவோம். 2023-ல இருந்து லேப்டாப்புல இன்டெல் அந்தப் பேர்களை எடுத்துட்டு, வெறும் "இன்டெல் பிராசஸர்"னு போட ஆரம்பிச்சுது. பக்கத்துல என்100 மாதிரி ஒரு நம்பர் இருக்கும். பழைய செலரானை விட அது தேவலாம்தான். ஆனா ஐ3, ரைசன் 3 வரிசையோட அதைக் குழப்பிக்காதீங்க. பேரைப் படிக்காதீங்க, நம்பரைப் படிங்க.

விண்டோஸ் இல்லாத குட்டிப் பொட்டிகளும் இருக்கு. 2023 ஜூலைல ஜியோபுக் 16,499 ரூபாய்க்கு வந்துச்சு. 11.6 இன்ச், 4 ஜிபி ரேம், 64 ஜிபி, எடை 990 கிராம், உள்ள ஓடுறது ஜியோ ஓஎஸ். குரோம்புக்னு ஒரு வகை, அதுல ஓடுறது கூகுளோட குரோம் ஓஎஸ். ரெண்டையும் நான் குறை சொல்லல, அது செய்யற வேலைக்கு அது சரி. ஆனா டேலி விண்டோஸ் மென்பொருள். இதுல எதுலயும் நேரா ஏறாது. காமர்ஸ் படிக்கிற புள்ளைக்கு டேலி ஓடாத கம்ப்யூட்டர், சமையல்காரனுக்கு அடுப்பு இல்லாத சமையக்கட்டு.

இது புதுக் கதை இல்ல

வலைப்பூ ஆரம்பிச்ச காலத்து ஆளுங்களுக்கு நினைவிருக்கும். 2007-ல அசுஸ் ஈ பிசின்னு ஒண்ணு வந்துச்சு. 7 இன்ச் திரை, 4 ஜிபி ஃபிளாஷ் ஸ்டோரேஜ், லினக்ஸ். 2008-ல இன்டெல் ஆட்டம் சிப் வந்ததும் ஆளாளுக்கு "நெட்புக்" போட ஆரம்பிச்சாங்க. 2009-ல அதுக்குன்னே விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் வந்துச்சு. அதுல திரைப் பின்னணிப் படத்தைக் கூட மாத்த முடியாது! காசு கொடுத்து வாங்கின பொட்டியில முருகர் படம் வைக்க உரிமை இல்ல. 2010-ல ஐபேட் வந்துச்சு, 2013-க்குள்ள நெட்புக் கடையை மூடிட்டாங்க. அன்னிக்கு நெட்புக்னு இருந்தது இன்னிக்கு "ஸ்டூடன்ட் லேப்டாப்"னு பேர் மாத்தி வந்திருக்கு.

2011-ஐ எடுத்துக்கோங்க. அந்த அக்டோபர்ல மத்திய அரசு ஆகாஷ் டேப்லெட்டை அறிமுகம் பண்ணுச்சு. 7 இன்ச், 256 எம்பி ரேம், 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர். உலகத்துலயே மலிவுன்னு பேப்பர் எல்லாம் எழுதுச்சு. அடுத்த வருஷம் ஆகாஷ் 2 வந்துச்சு, அப்புறம் பேச்சே ஓஞ்சு போச்சு. அதே 2011 செப்டம்பர்ல தமிழ்நாட்டுல இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்குச்சு. அங்க கொடுத்தது முழு லேப்டாப். ஊர்ல எங்க அக்கா மகன் அந்தப் பொட்டியை வச்சுத்தான் பாலிடெக்னிக் முடிச்சான். நடுவுல சில வருஷம் திட்டம் நின்னு போச்சு. 2025 பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குன்னு மறுபடி அறிவிச்சாங்க. லேப்டாப்புக்கு எல்காட் டெண்டர் விட்டப்போ கேட்டது என்ன தெரியுமா? 14 அல்லது 15.6 இன்ச் திரை, ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி.

கட்சி அரசியல் பேச வரல. 2011-ல ஒரு கட்சி, 2025-ல இன்னொரு கட்சி. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். ஓசியில கொடுக்குற அரசாங்கமே 8 ஜிபிக்குக் கீழ இறங்கல. வெளி மாநிலத்துல சம்பாதிச்சு, சொந்தப் புள்ளைக்கு வாங்குற நாம 4 ஜிபில நிக்கிறோம்.

ஐந்தொகை

நான் பி.காம். பேச்சை விட லெட்ஜர் மேல நம்பிக்கை அதிகம்.

குட்டிப் பொட்டி: வாங்கினது 19,990. கார்டு, ஹப் 2,100. சர்வீஸ் 1,700. மொத்தம் 23,790. எக்ஸ்சேஞ்சுல கிடைச்சது 1,500. நிகரச் செலவு 22,290. உழைச்சது 27 மாசம். மாசத்துக்கு 826 ரூபாய்.

முழு லேப்டாப்: விலை 42,000ன்னு வச்சுக்கோங்க. நடுவுல ஒரு தடவை பேட்டரி மாத்த 4,500. மொத்தம் 46,500. அஞ்சு வருஷம் உழைக்கும்னு கணக்கு. வருமான வரிச் சட்டத்துல கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷம் 40 சதவீதம், குறையும் மதிப்பு முறையில. அந்தக் கணக்குப்படி அஞ்சாம் வருஷ முடிவுல 42,000-ல மிஞ்சுறது 3,266. அதைக் கழிச்சா செலவு 43,234. அறுபது மாசத்துக்கு வகுத்தா மாசம் 721 ரூபாய்.

மலிவுன்னு வாங்கினதுக்கு மாசம் நூறு ரூபாய் அதிகம் கொடுத்திருக்கேன். மேலதிகமா, பொண்ணோட ராத்திரித் தூக்கம். அதை எந்த லெட்ஜர்ல எழுத?

அஞ்சு வருஷம் ஓடுமான்னு கேப்பீங்க. எங்க வீட்டுப் பொது லேப்டாப்பை 2016-ல வாங்கினேன். அதுவும் 4 ஜிபிதான். ஆனா கூட்ட இடம் இருந்துச்சு. 2019-ல இன்னொரு 4 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டேன், 5,500 ஆச்சு. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்ச 2025 அக்டோபர் 14 வரைக்கும் அதுலதான் தங்கமணி வீட்டு வேலை எல்லாம் பாத்தாங்க. ஒன்பது வருஷம். கூட்டிக்க இடம் இருக்கிற பொட்டிக்கும், ஒட்டி மூடின பொட்டிக்கும் வித்தியாசம் இவ்வளவுதான்.

"அண்ணே, காசு?"

தம்பியும் இதைத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. 17 ஆயிரம் இருக்கிறவர்கிட்ட 42 ஆயிரத்துக்கு வாங்குன்னு உபதேசம் பண்ணா அது திமிர். அதுக்கு மூணு வழி.

ஒண்ணு, கல்விக் கடன் வாங்குறவங்க கவனிங்க. இந்திய வங்கிகள் சங்கத்தோட மாதிரிக் கல்விக் கடன் திட்டத்துல, படிப்பை முடிக்கத் தேவைன்னா நியாயமான விலையில கம்ப்யூட்டர் வாங்குற செலவையும் சேர்க்கலாம். நிறையப் பேருக்கு இது தெரியாது. ஃபீஸ், ஹாஸ்டல் மட்டும் எழுதிக் கொடுத்துட்டு, லேப்டாப்பைக் கார்டுல தேய்க்கிறாங்க. விண்ணப்பம் கொடுக்கும்போதே கொட்டேஷனைச் சேர்த்துக் கொடுங்க. கேட்டாத்தான் கிடைக்கும்.

ரெண்டு, "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு மயங்காதீங்க. வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே சுற்றறிக்கையில சொல்லிடுச்சு. நடக்குறது என்னன்னா, வட்டி அளவுக்கு விலையில தள்ளுபடி காட்டி, அப்புறம் வட்டியா வாங்கிக்கிறாங்க. அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி நம்ம தலையில. 40,000 ரூபாய்ப் பொட்டி, 12 மாசம், 15 சதவீத வட்டின்னா உள்ள ஒளிஞ்சிருக்கிற வட்டி 3,069, அதுக்கு ஜிஎஸ்டி 552. பிராசஸிங் ஃபீஸ் தனி. மொத்தப் பணத்துக்கு வாங்கினா கிடைக்கிற தள்ளுபடியும் பல நேரம் போயிடும். இதெல்லாம் தெரிஞ்சு வாங்குனா தப்பில்ல. இலவசம்னு நினைச்சு வாங்குனாத்தான் தப்பு.

மூணாவதுதான் நான் கடைசியில பண்ணது. கம்பெனிகள் மூணு நாலு வருஷம் ஓட்டிட்டுக் கழிச்சு விடுற பிசினஸ் லேப்டாப்புகளைச் சுத்தம் பண்ணி விக்கிறாங்க. திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வரிசை. டெல்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், எங்க இருக்கீங்களோ அங்க விசாரிங்க. பொண்ணுக்கு 2023 டிசம்பர்ல அப்படி ஒண்ணு வாங்கினேன். 14 இன்ச், எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி, 24,500 ரூபாய். புதுக் குட்டிப் பொட்டியை விட 4,510 ரூபாய்தான் அதிகம். அதுலதான் ப்ராஜெக்டை முடிச்சா. இன்னிக்கும் அதுலதான் வேலை செய்யறா.

வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க. இன்டெல்லா இருந்தா எட்டாம் தலைமுறைக்குக் கீழ வேண்டாம், விண்டோஸ் 11-ல அதிகாரபூர்வமா இடம் கிடையாது. விண்டோஸ்லயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். புதுசா இருந்தப்போ எவ்வளவு தாங்குச்சு, இப்போ எவ்வளவு தாங்குதுன்னு அதுல தெரியும். கடைக்காரர் முன்னாடியே எடுக்கச் சொல்லுங்க. பில்லும் எழுத்துல வாரண்டியும் இல்லாம வெளிய வராதீங்க. பழசு வாங்குறது கௌரவக் குறைச்சல்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. புதுப் பொட்டியை வச்சுக்கிட்டு அடுத்தவ ரூம் கதவைத் தட்டுறதுலயும் ஒரு கௌரவமும் இல்ல.

இன்னும் ஒண்ணு. 2025 கடைசியில மெமரி சிப் விலை உலகம் முழுக்க ஏறிடுச்சு. அதனால "இப்போதைக்கு 4 ஜிபி, அப்புறம் மலிவாயிடும், கூட்டிக்கலாம்"ங்கிற பழைய கணக்கை நம்பி இறங்காதீங்க.

சின்னப் பொட்டி யாருக்கு?

யாருக்குமே வேண்டாம்னு சொல்லல. வீட்டுல ஏற்கெனவே ஒரு முழு லேப்டாப் இருந்து, ஊர் சுத்தறப்போ தூக்கிட்டுப் போக ரெண்டாவதா ஒண்ணு வேணும்னா வாங்கலாம். ஆறாவது படிக்கிற பையன் பாடம் பாக்க குரோம்புக் போதும். 2021-ல இருந்து வந்த குரோம்புக்குகளுக்குப் பத்து வருஷம் அப்டேட் கொடுக்குறதா கூகுள் 2023-ல அறிவிச்சிருக்கு, அது பெரிய விஷயம். ஊர்ல இருக்கிற அம்மா அப்பா நம்ம முகத்தைப் பாத்துப் பேசணும்னா ஒரு டேப்லெட்டே போதும்.

"வெயிட் கம்மி"ங்கிற வாதத்தையும் கேட்டாச்சு. ஒரு கிலோவுக்கும் ஒன்றரை கிலோவுக்கும் அரை கிலோதான் வித்தியாசம். ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல ஏத்தி விடும்போது நாம கட்டிக் கொடுக்குற முறுக்கு, பருப்புப்பொடி, ஊறுகாய் பாட்டில் எல்லாம் எத்தனை கிலோன்னு யாராவது நிறுத்துப் பாத்திருக்கோமா?

"எல்லாம் இப்போ போன்லயே பண்ணலாமே"ன்னும் சொல்லுவாங்க. பாக்கலாம், படிக்கலாம். ஆனா ஐநூறு வரி உள்ள எக்செல்லைப் போன்ல சரி பாத்துட்டு வந்து என்கிட்ட பேசுங்க.

நம்மள மாதிரி வெளி மாநிலத்துல இருக்கிற குடும்பத்துக்கு இது இன்னும் முக்கியம். உள்ளூர்ல படிக்கிற புள்ளைக்குப் பொட்டி படுத்தா சித்தப்பா வீட்டுல போய் உக்காரும். நம்ம புள்ளைக்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு ஹாஸ்டல் கட்டில்தான் இருக்கு. பரீட்சை விண்ணப்பம், ஹால் டிக்கெட், ஆன்லைன் இண்டர்வியூ, ஞாயித்துக்கிழமை அம்மா முகம், எல்லாம் அந்த ஒரே பொட்டிக்குள்ள. இருக்கிறது ஒண்ணேன்னா அது முழுசா இருக்கணும். அவ்வளவுதான் என் கட்சி.

தம்பி இன்னும் முடிவு பண்ணல. "வீட்டுல கேக்கணும்ணே"ன்னார். "வீட்டுல கேக்கறது இருக்கட்டும், முதல்ல பாப்பாகிட்ட என்ன வேணும்னு கேட்டியா?"ன்னேன். பதில் இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை சீதாபல்டி கடைத்தெருவுக்குப் போறோம். அவரு, நான், அப்புறம் முக்கியமா அந்தப் பொண்ணு. கடைக்காரர்கிட்ட அவதான் பேசப் போறா.

பி.கு: இதை எழுதி முடிச்சதும் பொண்ணுக்குப் படிச்சுக் காட்டினேன். "எல்லாம் சரிப்பா. பக்கத்து ரூம் அக்காவுக்கு ஒரு நன்றி கூடப் போடலையே"ன்னா. பேர் தெரியாத அந்தத் தாய்க்கு, ஒரு காமர்ஸ்காரனோட நன்றி. உன் கணக்குல நான் எப்பவும் கடன்காரன்தான்.